நான்தானோ காரணம் என்று கேட்ட இருவர்

சிறுவர் வளர்ச்சிக் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். எந்த வயதில் எதைப் பரிசோதிப்பது, எந்தப் பிள்ளையை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் என் காலத்தைவிடத் திருத்தமாக இருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை. கிளினிக் அறையின் வாசற்படியில் நடக்கும் ஒன்றைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன்.

பிள்ளைக்கு ஓட்டிசம் என்று கேள்விப்பட்ட தாயும் தகப்பனும் கதிரையில் இருக்கும்வரை கேட்பவை வேறு. "எப்ப கதைப்பான்?", "பள்ளிக்கூடத்துக்கு எடுப்பினமோ?" என்று கேட்பார்கள். பிறகு எழும்பி, பையை எடுத்து, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பிக் கேட்பார்கள். "டொக்டர், இது ஏன் வந்தது?" முகத்தைக் கவனித்தால் விளங்கும். அவர்கள் கேட்க வந்தது "நான்தானோ காரணம்?" என்பதை.

நான் ஓய்வுபெற்று கொக்குவிலில் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகும், கேற்றைத் திறந்துகொண்டு அந்தக் கேள்வி வந்தபடிதான் இருக்கிறது. அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை, வேலையில் இருந்த காலத்தில், ஒரு குடும்பத்திடமிருந்து படித்தேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

தகப்பன் சிவநேசன் வலிகாமத்தில் தோட்டம் செய்பவர். செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும், சில போகங்களில் புகையிலையும். தாய் தர்சினிக்குப் பிறந்த ஊர் கொடிகாமம். முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தவள், பிள்ளைக்காக வேலையை விட்டாள். அவர்களுடைய ஒரே மகன் மதுரனுக்கு அப்போது நாலு வயது ஆகப்போகிற நேரம். ஒரு சொல்லும் கதைக்கமாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். சத்தங்களுக்குப் பயம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விடுவான். ஆனால் சிரித்தானென்றால் அறையிலுள்ள எல்லாருக்கும் சிரிப்பு வரும்.

தர்சினி நாங்கள் சொல்வதை எல்லாம் வீட்டில் செய்து பார்த்துவிட்டு வந்து, எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று சொல்லுவாள். சிவநேசனும் ஒவ்வொரு முறையும் கூட வருவார். உள்ளே வரமாட்டார். வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால், "அவ கேட்டு வந்து சொல்லுவா டொக்டர்" என்பார். பிள்ளை ஓடினால் பின்னால் ஓடுவது தாய்தான். தகப்பன் எழும்பி நிற்பார், கையை நீட்டப்போவார், பிறகு அப்படியே நின்றுவிடுவார். பொறுப்பை எல்லாம் மனைவியின் தலையில் போட்டுவிட்டு இருக்கும் ஆண்களை நிறையப் பார்த்திருந்ததால், இவரையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தேன்.

பிறகு அவர்கள் வருவது நின்றுபோனது. தொலைபேசியில் கேட்டபோது தர்சினி, "இப்ப வேறை ஒரு இடத்திலை காட்டுறம் டொக்டர். நல்ல மாற்றம் தெரியுது" என்றாள். குரலில் சந்தோசம் இருந்தது. அதனால் நான் மேலே கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கிளினிக் நாள் காலையில், வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு தர்சினி நேரே என் அறைக்குள் வந்தாள். மதுரன் தோளில் கிடந்தான். தலை தொங்கியபடி இருந்தது. கண் உள்ளே போயிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. சத்தம் கேட்டால் காதைப் பொத்தும் பிள்ளை, அவ்வளவு இரைச்சலிலும் அசையாமல் கிடந்தான். வாசலில் சிவநேசன், தலைக்கவசத்தைக் கழற்றவும் மறந்தவராய் நின்றார்.

அறையில் என்னோடு ஒரு இளம் வைத்தியர் இருந்தார். கெட்டிக்காரன். அவருக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். உங்களில் சிலருக்கும் அப்படியிருக்கலாம்.

"அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போகாமல் ஏன் இஞ்ச வந்தனீங்கள்? என்ன குடுத்தனீங்கள் பிள்ளைக்கு?"

"ஒண்டும் குடுக்கேல்லை. வயித்தோட்டம். சத்தியும்..."

"ஒண்டும் குடுக்காமல் இப்பிடி வருமோ? படிச்ச ஆள்தானே நீங்கள்? ரீச்சராய் இருந்தனீங்கள்தானே?"

தர்சினியின் வாய் மூடிக்கொண்டது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு கதவு சாத்துவதைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

நான் தகப்பனிடம் திரும்பினேன். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை வாந்தி எடுத்து, வயிற்றாலை போய், துவண்டு வந்தால் எங்கள் பகுதியில் எந்த வைத்தியருக்கும் முதலில் வருகிற பயம் ஒன்று உண்டு. பயிருக்கு அடிக்கிற நஞ்சுக்கும் நாங்கள் மருந்து என்றுதான் சொல்கிறோம்.

"தம்பி, தோட்டத்து மருந்து ஏதும் குடிச்சிட்டானோ? கையிலை, வாயிலை பட்டதோ?"

சிவநேசன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நிலத்தில் குந்திவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆம் என்று சொல்கிறாரா, இல்லை என்று சொல்கிறாரா என்றுகூட எனக்கு விளங்கவில்லை.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். குடித்தது தோட்டத்து நஞ்சு என்றால் செய்யவேண்டியது ஒன்று. வேறு ஏதாவது என்றால் செய்யவேண்டியது இன்னொன்று. பிள்ளையின் கண்மணியும் மூச்சும் எனக்குக் கொஞ்சம் சொல்லின. முழுதாகச் சொல்லவில்லை. மீதிப் பதில் இரண்டு பூட்டிய வாய்களுக்குள் இருந்தது. ஒரு வாயை எங்கள் அதட்டல் பூட்டியது. மற்றதை எது பூட்டியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இளம் வைத்தியரை வாட்டுக்கு அறிவித்து, சேலைனுக்கு ஆயத்தப்படுத்தச் சொல்லி அனுப்பினேன். பிறகு பிள்ளையை வாங்கிக் கட்டிலில் கிடத்தி, தர்சினியின் பக்கத்தில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னேன்.

"பிள்ளை, ஆர் தந்தது எண்டு எனக்குத் தேவையில்லை. ஏன் குடுத்தனீர் எண்டும் கேக்கமாட்டன். போத்தல் மட்டும்தான் வேணும். அதைக் கண்டால்தான் மதுரனுக்கு நான் சரியானதைச் செய்யலாம்."

அவள் புருசனைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, கைலேஞ்சியில் சுற்றிய ஒரு சின்னக் கபிலநிறப் போத்தலை எடுத்து நீட்டினாள். மூடியைத் திறந்தேன். கிணற்றுக்குக் குளோரின் போட்டால் வருமே, அந்த மணம் மூக்கில் ஏறியது.

"ஒவ்வொரு நாளும் துளியைக் கூட்டச் சொன்னவர்," என்றாள். இப்போது நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "சத்தி எடுத்தால், வயித்தாலை போனால், உடம்பிலை இருக்கிற நஞ்சு வெளிக்கிடுது எண்டு அர்த்தமாம். பயந்து நிப்பாட்டினால் நஞ்சு திரும்ப மூளைக்கு ஏறிவிடுமாம். அதுதான் டொக்டர் நான் நிப்பாட்டேல்லை. சத்தி எடுக்க எடுக்க நல்லது நடக்குது எண்டு நினைச்சன்."

தோட்டத்து நஞ்சு இல்லை. எனக்கு ஒரு மூச்சு வந்தது. கொழும்பில் நஞ்சுகளைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடியவர்களோடு கதைத்தோம். மதுரனை வாட்டில் சேர்த்தோம். அங்கே செய்தவை எல்லாம் நீங்கள் படித்தவைதான். அடுத்த நாள் மத்தியானம் அவன் கண்ணைத் திறந்து, கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பிய்க்கத் தொடங்கினான். தாதி ஓடிவந்து முறைப்பட்டாள். எனக்கோ அவனைக் கும்பிடவேண்டும்போல் இருந்தது.

பிள்ளையைச் சேர்த்த அன்றே இளம் வைத்தியர் என்னிடம் கேட்டிருந்தார்: "அவையை ஏசாமல் எப்பிடி மெடம் நிண்டனீங்கள்?"

"ஏசுறதுக்கு நாளைக்கும் நேரம் கிடக்கு. போத்தலுக்கு இண்டைக்கு மட்டும்தான் நேரம் இருந்தது," என்றேன். அடுத்த நாள் வந்தபோது ஏசுவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை என்பது வேறு விசயம்.

போத்தல் கொடுத்தவர் நகரில் ஒரு மாடியறையை வாடகைக்கு எடுத்து இடைக்கிடை வந்துபோகிறவர். பிள்ளையின் நோயெதிர்ப்புச் சக்தி குழம்பியதால்தான் ஓட்டிசம், உள்ளே நிற்கிற நஞ்சை இறக்கினால் பிள்ளை கதைக்கும் என்பது அவருடைய கதை. அறிவிக்கவேண்டியவர்களுக்கு அறிவித்தோம். அவர்கள் போனபோது அறை பூட்டிக் கிடந்தது. ஆனால் நான் அன்றிரவு முழுக்க யோசித்தது வேறொன்றை. படித்த, நிதானமான ஒரு தாய் ஏன் அவரை நம்பினாள்? அவர் நேரம் எடுத்துக் கேட்டிருக்கிறார். கர்ப்பகாலத்தில் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டீர்கள், வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "இதுதான் காரணம்" என்று விரலை நீட்டியிருக்கிறார். நாங்கள் "இன்னும் ஆராய்ச்சி நடக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்ட இடம் அது. வெறுமையாக விட்ட காணியில் யாரோ ஒருவர் வந்து வேலி போடத்தான் செய்வார்.

அடுத்த நாள் பின்னேரம், வாட்டுக்கு வெளியே விறாந்தையில் சிவநேசன் என்னை நிறுத்தினார்.

"டொக்டர், ஒண்டு கேக்கவேணும். அவவுக்குச் சொல்லக்கூடாது."

"சொல்லுங்கோ தம்பி."

"நான்தானே?"

"என்ன நீங்கள்தானே?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். தோட்டக்காரரின் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது வேறு. தோல் வெளுத்து, விரல் இடுக்குகள் வெடித்து, சில இடங்களில் இரத்தம் காய்ந்திருந்தது.

"சவர்க்காரம் போட்டுப் போட்டுக் கழுவுறன். மணம் போகுதில்லை. அவ வயித்திலை வைச்சிருக்கேக்கை வெங்காயத்துக்குக் கிழமைக்குக் கிழமை மருந்தடிச்சனான். அடிச்ச உடுப்போடை வந்து குசினிக்குள்ளை நிண்டு தேத்தண்ணி குடிப்பன். போத்தல் தந்த அந்த மனிசன் என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டவர், 'மருந்து அடிக்கிறனீங்களோ?' எண்டு. ஓம் எண்டன். 'பிறகென்ன, அதுதான்' எண்டார். எனக்கு அது முதலே தெரியும் டொக்டர். ஃபோனிலையும் போட்டிருக்கு. அதுதான் நான் பிள்ளையைத் தூக்கிறேல்லை. இன்னும் கனக்க அவனுக்குள்ளை போயிடுமெண்டு பயம்."

அந்த மனிதர் பிள்ளைக்குப் பக்கத்தில் போகாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். வாசலில் நான் கேட்ட கேள்வி அவரை ஏன் நிலத்தில் விழுத்தியது என்பதும் அப்போது விளங்கியது.

அவருக்கு என்ன சொல்வீர்கள்? "சேச்சே, அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அது உண்மையாக இருக்காது. கர்ப்பகாலத்தில் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினிகளுக்குக் கிட்ட இருந்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகள் இருக்கின்றன. சிலவற்றில் ஒரு தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் தெளிவாகத் தெரியவில்லை. அவரும் அதை வாசித்திருக்கிறார். நான் இல்லை என்றால், டொக்டர் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைப்பார். அதற்குப் பிறகு நான் சொல்கிற எதையும் நம்பமாட்டார்.

"தம்பி, இல்லை எண்டு சொன்னால் நீங்கள் என்னை நம்பமாட்டியள். ஓம் எண்டு சொன்னால் நான் பொய் சொல்லுறன். ஆயிரம் பேரைப் பார்த்துத்தான் ஆராய்ச்சியிலை ஏதோ சொல்லினம். மதுரன் ஒருத்தன். அவனுக்கு எதாலை வந்தது எண்டு இண்டைக்கு உலகத்திலை ஒருத்தராலையும் சொல்ல ஏலாது."

"அப்ப தெரியாதோ?"

"தெரியாது. ஆனால் ஒண்டு வடிவாத் தெரியும். இப்ப நீங்கள் தூக்கினால் அவனுக்கு ஒண்டும் நடக்காது. வேலை முடிஞ்சு குளிச்சு உடுப்பு மாத்திப்போட்டு வந்து தூக்குங்கோ."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. "அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று திரும்பவும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை நான் கட்டிலருகே போனபோது தர்சினி தனியாக இருந்தாள். மதுரன் கஞ்சி குடித்துவிட்டுக் கரண்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தபடியே கதைத்தாள்.

"டொக்டர், அவருக்குத் தெரியாத ஒண்டு. மதுரன் வயித்திலை இருக்கேக்கை நான் கொடிகாமத்திலை அம்மா வீட்டை நிண்டனான். நல்ல காய்ச்சல் வந்தது. அவர் அறுவடையோடை நிக்கிறார், ஏன் அந்தரப்படுத்துவான் எண்டு சொல்லேல்லை. ஆஸ்பத்திரிக்கும் உடனை போகேல்லை. கொத்தமல்லி அவிச்ச குடிநீர் குடிச்சுப்போட்டுப் படுத்திருந்தனான். இப்ப வாசிக்கிறன், தாய்க்குக் கடும் காய்ச்சல் வந்தால் அவவின்ரை நோயெதிர்ப்பு வேலை செய்யிறது பிள்ளையின்ரை மூளையையும் பாதிக்கலாமாம். அண்டைக்கே போயிருந்தால் என்ரை பிள்ளை அம்மா எண்டு கூப்பிட்டிருப்பானோ?"

அவளுக்கும் ஏறக்குறைய அதே பதிலைத்தான் சொன்னேன். அவளும் ஏறக்குறைய அதே முகத்தோடுதான் கேட்டாள். கடைசியில் அவளும் சொன்னாள்: "அவருக்கு மட்டும் சொல்லாதேங்கோ. தெரிஞ்சால் என்னை மன்னிக்கமாட்டார்."

இப்போது என் கையில் இரண்டு இரகசியங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்தால் அந்த வீட்டில் பாதிப் பாரம் இறங்கிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் இரண்டும் என்னுடையவை அல்ல. ஒருவர் நம்பிச் சொன்னதை மற்றவருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் நாளும் வந்துகொண்டிருந்தது. அப்படியே அனுப்பினால், குற்றம் சுமந்த இரண்டு பேர் இன்னொரு மாடியறையைத் தேடிப் போவார்கள்.

எனக்கு மேலே இருந்த வைத்திய நிபுணரிடம் போனேன். அதிகம் கதைக்காத அம்மா. தேநீரை ஆற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

"நீ இரண்டு பேரையும் ஒரு கதிரை வரிசையிலை இருத்து," என்றார். "எந்தத் தாய் தகப்பனுக்கும் சொல்லுறதை அவைக்கும் சொல்லு. ஒண்டையும் ஒளியாதை, ஒண்டையும் கூட்டாதை. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லு. சொல்லிப்போட்டு எழும்பி ஓடாதை. பேசாமல் இரு. நாங்கள் டொக்டர்மார், தெரியாது எண்டு சொன்ன உடனை எழும்பிப் போயிடுறம். அதுதான் பிழை."

அனுப்புகிற நாளன்று இருவரையும் என் அறையில் இருத்தினேன். சிவநேசன் முதன்முறையாக உள்ளே வந்து கதிரையில் இருந்தார். மதுரன் நிலத்தில் பாயில் இருந்தான். கிளினிக் இல்லாத நாள். வெளியே ஆட்கள் இல்லை.

"நீங்கள் இரண்டு பேரும் ஃபோனிலை கனக்க வாசிச்சிருப்பியள். நானும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்," என்று தொடங்கினேன். பரம்பரையில் வரும் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை யாரும் கேட்டு வாங்கியதில்லை என்றேன். அதற்கு மேலே, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நடப்பவை சிலவற்றுக்கும் பங்கு இருக்கலாம் என்று பார்க்கிறார்கள் என்றேன். தாய்க்கு வரும் தொற்றும் காய்ச்சலும், அப்போது நோயெதிர்ப்புத் தொகுதி நடந்துகொள்ளும் விதம், கிருமிநாசினி, காற்றிலுள்ள புகை, இன்னும் பல. எதையும் விடவில்லை. எதையும் அழுத்தவும் இல்லை. காய்ச்சல் வந்த தாய்மாரில் மிகப்பெரும்பாலானோரின் பிள்ளைகளுக்கும், தோட்டங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்த மிகப்பெரும்பாலான பிள்ளைகளுக்கும் ஓட்டிசம் இல்லை என்பதையும் சொன்னேன்.

"தடுப்பூசி?" என்று தர்சினி கேட்டாள். "அந்த மனிசன் இனி ஊசி ஒண்டும் போடவேண்டாம் எண்டவர்."

"இல்லை," என்றேன் உடனே. "அதை வடிவாப் பார்த்திட்டினம். ஊசியாலை வாறேல்லை."

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாது என்று சொல்லத் தைரியம் வேண்டும்தான். ஆனால் தெரிந்த விடையைத் தயங்கிச் சொன்னால், உங்கள் தெரியாதுக்கும் மதிப்பு இல்லாமல் போகும்.

பிறகு சிவநேசனைக் கேட்டேன். "தம்பி, ஒரே விதை, ஒரே தண்ணி, ஒரே பசளை. ஆனால் ஒரு பாத்தியிலை ஒரு மூலை மட்டும் வேறை மாதிரி வளருது. ஏன் எண்டு உங்களுக்கு எப்பவும் விளங்குமோ?"

அவர் யோசித்தார். "சிலவேளை மண்ணாயிருக்கும். சிலவேளை விதை. சிலவேளை இரண்டும் சேர்ந்து. கனதரம் விளங்கிறேல்லை டொக்டர்."

"மதுரன்ரை விசயத்திலை நாங்களும் அங்கைதான் நிக்கிறம். எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன். அந்த மௌனம் எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்லமுடியாது. ஏதாவது ஒரு ஆறுதல் வார்த்தையைப் போட்டு நிரப்பிவிடவேண்டும் என்று உள்ளுக்குள் கிடந்து துடித்தது. மதுரன் பாயின் ஓரத்து நூலை இழுத்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள்.

சிவநேசன்தான் வாயைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை.

"மருந்தடிச்சது நான். அந்த உடுப்போடை உனக்குப் பக்கத்திலை நிண்டதும் நான்தான்."

தர்சினி திரும்பிப் பார்த்தாள். "என்ன கதைக்கிறீங்கள்?"

"அந்த மனிசன் சொன்னவர். எனக்கு முதலே தெரியும். அதுதான் நான் பிள்ளையை..."

"அதுக்காண்டியோ நீங்கள் அவனைத் தூக்கிறேல்லை?" அவள் குரல் உடைந்தது. "நான் என்ன நினைச்சன் தெரியுமோ? இப்பிடி ஒரு பிள்ளையை நான் பெத்துத் தந்திட்டன் எண்டு உங்களுக்கு வெறுப்பெண்டு நினைச்சன்."

"வெறுப்போ? விசரே உனக்கு?"

"எனக்குக் காய்ச்சல் வந்தது. கொடிகாமத்திலை நிக்கேக்கை. உங்களுக்கு ஒளிச்சிட்டன். ஆஸ்பத்திரிக்கும் போகேல்லை. நான்தான் காரணம் எண்டு இவ்வளவு நாளும்..."

சிவநேசன் அவளை வியப்போடு பார்த்தார். "காய்ச்சல் நீ கேட்டோ வந்தது? வருத்தம் வந்ததுக்கு ஆர் குற்றம் சொல்லுறது?"

"நீங்கள் மட்டும் ஆசைக்கோ மருந்தடிச்சனீங்கள்? ஊரெல்லாம் அடிக்குது. நாங்கள் சாப்பிடத்தானே அடிச்சனீங்கள்."

தனக்குத்தானே கொடுக்க முடியாத மன்னிப்பை ஒவ்வொருவரும் மற்றவருக்கு ஒரு நிமிசமும் யோசிக்காமல் கொடுத்தார்கள். நான் கொடுத்திருந்தால் அது டொக்டரின் ஆறுதல். அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்ததில்தான் பாரம் இறங்கியது.

அறையை விட்டுப் போகும்போது சிவநேசன் பாயருகே குனிந்து, கொஞ்சம் தயங்கி, மகனைத் தூக்கினார். மதுரன் அதை ஒரு பெரிய விசயமாக எடுக்கவில்லை. தகப்பனின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகத் தொடங்கினான். சிவநேசன் அப்படியே அசையாமல் நின்றார், பொத்தான் போனாலும் பரவாயில்லை என்பதுபோல்.

இந்த இடத்தில் ஓட்டிசம் மாறிவிட்டது என்று நான் எழுதினால் நானும் ஒரு மாடியறைக்காரிதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடந்தவை வேறு. இருவரும் சேர்ந்து வரத் தொடங்கினார்கள். பேச்சுச் சிகிச்சை தருகிறவர் ஊஞ்சலில் வைத்து மதுரனோடு விளையாடக் காட்டித் தந்ததைச் சிவநேசன் வீட்டு மாமரத்தில் ஊஞ்சல் கட்டிச் செய்தார். தோட்டத்தில் மருந்தடிப்பதை முடிந்தவரை குறைத்தார். அடிக்கிற நாளில் முகத்தையும் கையையும் மூடிக்கொண்டு அடிப்பார், உடுப்பை வெளியிலேயே தனியாகத் துவைப்பார். மருந்துப் போத்தல்கள் வீட்டைவிட்டுத் தள்ளிப் பூட்டிய கொட்டிலுக்குப் போயின. "மதுரனுக்காகவோ?" என்று கேட்டேன். "இல்லை டொக்டர், எனக்கும் சுவாசம் இருக்குத்தானே," என்று சிரித்தார். பழையதற்குத் தண்டனையாகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியவர் இப்போது இன்றைக்கு நல்லது என்று இவற்றைச் செய்கிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவர் கைகளில் தெரிந்தது. வெடிப்புகள் ஆறியிருந்தன.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம் மயிலிட்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தகப்பன் கடற்றொழிலுக்குப் போகிறவர். மூன்று வயதுப் பெண்பிள்ளை, பேச்சு இல்லை. தாய் அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். துறைமுகத்துப் படகுகளின் எண்ணெய்ப் புகையாலோ, தான் சாப்பிட்ட மீனாலோ, பிள்ளைக்கு அடிக்கடி வந்த சளியாலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தர்சினியிடமும் சிவநேசனிடமும் கேட்டேன், கொஞ்ச நேரம் இவர்களோடு வந்து இருப்பீர்களா என்று. சந்தோசமாக வந்தார்கள். மதுரனும் வந்தான். அந்தப் பெண்பிள்ளைக்குப் பக்கத்தில், அவளைப் பார்க்காமல், ஆனால் தள்ளியும் போகாமல், பாயில் இருந்தான்.

நான் தொடங்கினேன். மரபணு, காய்ச்சல், புகை, தொடர்பு வேறு காரணம் வேறு என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டு போனேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தப் பேச்சு அப்போது நன்றாகப் பழகிவிட்டது. கேட்கிறவர்களைவிடச் சொல்கிற எனக்குத்தான் அதில் ருசி கூடிவிட்டது. எவ்வளவு நேரம் கதைத்தேனோ தெரியாது.

பாயிலிருந்து ஒரு குரல் வந்தது.

"காணும்."

மதுரன் என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, உள்ளங்கையை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான். ஊஞ்சல் போதும் என்று நிறுத்துவதற்காக அவன் பழகிய சொல். ஊஞ்சலைத் தவிர வேறு எதற்கும் அவன் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

சிவநேசன் சிரித்தார், தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்கும் அடக்கமுடியவில்லை. மயிலிட்டித் தாயும், அழுத முகத்தோடேயே, சிரித்துவிட்டாள்.

"சரி மகன், காணும்," என்றேன். நிறுத்திவிட்டேன்.

அந்தத் தாய் மதுரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதிரையைத் தர்சினியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, இவன் எப்பிடிக் கதைக்கப் பழகினவன்?"

அன்று காலையிலிருந்து அவள் 'ஏன்' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இதுதான் அவளுடைய முதல் 'எப்படி'.

தர்சினி என்னைப் பார்க்கவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி இருந்து, சொல்லத் தொடங்கினாள்.